லூட்விக் கொண்டுபோன சீட்டுகள்

எங்கள் யாவோர்காவில் ஒரு ஆளை நம்பலாமா என்று யாராவது கேட்டால், "என்ன, லூட்விக் அளவுக்கா?" என்றுதான் பதில் வரும். லூட்விக் மஸ்காய் முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். பனி கொட்டினாலும் சரி, பல்வலி வந்தாலும் சரி, வண்டி வருவதற்கு முன் கேட்டை இறக்காமல் விட்ட நாள் ஒன்றுகூடக் கிடையாது. தன் கல்யாணத்தன்று மாற்று ஆள் வரத் தாமதமானதால், மாப்பிள்ளைக் கோலத்தோடு நின்று சரக்கு ரயிலை அனுப்பிவிட்டுத்தான் கோவிலுக்கு வந்தார். பெண் வீட்டார் அவரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. மணப்பெண் ரெகீனா மட்டும், "ரயிலுக்கே இவ்வளவு உண்மையா இருக்கிற மனுஷன் எனக்கு இல்லாமப் போயிடுவாரா?" என்று சிரித்தாளாம்.

அப்படிப்பட்ட மனுஷன்தான் ஒரு வருஷம் முழுக்க ஊரையே ஏமாற்றினார். நான் அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்றைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ஆகஸ்டு நடுவில் எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லாரும் சென்ஸ்தொஹோவாவுக்கு, கருப்பு மாதாவின் கோவிலுக்கு நடந்து போவோம். ஒன்பது நாள் நடை. தார்ச்சாலை, கொப்புளம், மழை, ஒலிபெருக்கியில் செபமாலை. நடக்கிற நாளெல்லாம் எல்லாரும் எல்லாருக்கும் சகோதரர், சகோதரி. பேங்க் மேனேஜரானாலும் சரி, பன்றிப் பண்ணைக்காரனானாலும் சரி. எங்கள் குழுவுக்குப் பதினைந்து வருஷமாக ஏற்பாடெல்லாம் லூட்விக்தான். எந்த ஊரில் எந்த வீட்டில் யார் படுப்பது, யாருக்குக் கட்டில், யாருக்கு வைக்கோல் கொட்டகை, மூட்டை லாரி எங்கே நிற்கும், சர்க்கரை நோய்க்காரர்களின் மருந்து யார் கையில் இருக்கும் என்று எல்லாம் அவருடைய கட்டம் போட்ட நோட்டில் இருக்கும். ஜூன் பிறந்தாலே அவர் வீட்டு போன் ஓயாது.

இதற்கெல்லாம் மேலே சீட்டு. நடக்க முடியாதவர்கள், வயசானவர்கள், மாடு கன்றை விட்டுவிட்டு வர முடியாதவர்கள் மாதாவிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி மடித்து லூட்விக்கிடம் கொடுப்பார்கள். அவர் அதைக் கொண்டுபோய் மாதா படத்துக்கு முன்னால் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். பிரிக்கக் கூடாது, படிக்கக் கூடாது. அந்த விஷயத்தில் அவர் சுத்தத் தங்கம். ஜெனொவேஃபா மருந்துப் பொட்டலம் மாதிரி மடிப்பாள். பால்காரன் லெஷெக் தீவன ரசீதின் பின்பக்கத்தில் எழுதுவான். ப்ரோன்யா ஒருத்திதான் தாளை நாலாக மடித்து ஓரமெல்லாம் நீல நூலால் தைத்துக் கொடுப்பாள். "பிரிச்சுப் படிச்சிடுவேன்னு பயமா?" என்று லூட்விக் கிண்டல் செய்தால், "உன்னை இல்லடா, காத்தை" என்பாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எட்டாவது வரை படித்தவர்கள். அவர்களுக்குள் மரியாதை எல்லாம் கிடையாது.

போன வருஷம் அவருக்கு அது இருபதாவது நடை. கோவில் மதில்முன் குழுக்கள் வந்து சேரும் இடத்தில் ஆயர் நின்று, இருபது தடவை நடந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார். மறைமாவட்டப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க ஆள் வந்திருந்தான். அன்று காலையிலிருந்து தூறல். லூட்விக் ரயில்வேயில் கொடுத்த பழைய மழைக்கோட்டைப் போட்டிருந்தார். முழங்கையில் ஒட்டு, காலரில் எண்ணெய்க் கறை. உள்ளே ரெகீனா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. படத்தில் அந்தச் சட்டை தெரிய வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. கோட்டைக் கழற்றி மூட்டை லாரியில் தன் சாக்குக்குள் திணித்தார். கோட்டின் உள்பையில், நீலச் சர்க்கரைப் பைக்குள் ரப்பர் பேண்டு போட்டு, முப்பத்தொரு சீட்டு இருந்தது.

படம் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் குழு உள்ளே போயிற்று. பெருங்கூட்டம், ஒவ்வொரு குழுவுக்கும் மாதா படத்துக்கு முன்னால் சில நிமிஷம்தான். முழங்கால் போட்டு மார்பில் கை வைத்தபோதுதான் லூட்விக்குக்குப் பகீரென்றது. லாரி நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டிருந்தது, அங்கே நடந்து போய் வர ஒரு மணி நேரம். சூப் குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். சூப் குடிக்கும்போது ஆளாளுக்கு வந்து கைகுலுக்கினார்கள். எல்லாரும் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த அமளியில் சீட்டு அவர் நினைப்பிலிருந்தே நழுவிவிட்டது. நாலு மணிக்கு பஸ் கிளம்பியது. பஸ்ஸில் அவர் நன்றாகத் தூங்கினார். கேட்டீர்களா? தூங்கினார்! அதைப் பின்னால் நினைக்கும்போதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட உடம்பு கூசியது.

ஆகஸ்டு இருபத்தெட்டாம் தேதி, லாரியிலிருந்து வந்த சாக்கைப் பிரித்துக் கோட்டை வெயிலில் போடும்போது பை கையில் தட்டுப்பட்டது. அங்கேயே, துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, தரையில் உட்கார்ந்துவிட்டார். உடனே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தார். வாசலில் லெஷெக் நின்றுகொண்டிருந்தான், கையில் ஒரு முழம் புகை போட்ட பன்றித் தொத்திறைச்சி.

"லூட்விக் அண்ணே! என் தம்பி கையெழுத்துப் போட்டுட்டான்! ஆறு வருஷமா கோர்ட்டு கோர்ட்டா இழுத்தவன், நேத்து தானா வந்து போட்டுட்டான். நீங்க கொண்டுபோய்ப் போட்டீங்க பாருங்க, மாதா கைவிடல."

"லெஷெக், அது வந்து..."

"பேசாதீங்க. சாப்பிடுங்க. இதுல பூண்டு கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கேன், உங்களுக்குன்னு."

அவனுடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு லூட்விக்கால் வாயைத் திறக்க முடியவில்லை. வாங்கிக்கொண்டார். அந்த ஒரு முழத் தொத்திறைச்சிதான் அவர் வாயைக் கட்டியது. அடுத்த வாரம் ஜெனொவேஃபா தேன் கொண்டுவந்தாள், மகள் நர்ஸ் பரீட்சையில் பாஸாம். அதற்கடுத்து முட்டை. பிறகு கசகசா உருட்டு ரொட்டி. ஒரு தடவை வாங்கியவர் இரண்டாவது தடவை எந்த வாயால் மறுப்பார்? ரெகீனாவுக்கு ஒன்றும் தெரியாது. தொத்திறைச்சியை வட்ட வட்டமாக நறுக்கிக்கொண்டே, "மாதாவே உங்க பேச்சைக் கேக்குறா. நம்ம வீட்டு நாய் கேக்க மாட்டேங்குது பாருங்க" என்று கேலி செய்தாள். லூட்விக் சிரித்தார். சிரித்துக்கொண்டே மென்றார். சர்க்கரைப் பையைக் கொட்டகையில் ஒரு ரப்பர் பூட்ஸுக்குள் திணித்து, மேலே பழைய துணியை அடைத்து வைத்திருந்தார்.

நவம்பரில் ஸெனோன் இறந்தார். ப்ரோன்யாவின் புருஷன். மூன்று வருஷமாகப் படுக்கையில் கிடந்தவர்; வாதம் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டது, பேச்சையும் எடுத்துக்கொண்டது, வலியை மட்டும் விட்டுவைத்தது. லூட்விக் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர். குழிக்குப் பக்கத்தில் ப்ரோன்யா அழாமல் நின்றாள், யார் முகத்தையும் பார்க்கவில்லை. லூட்விக் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவளுடைய நீல நூல் சீட்டு மாதாவிடம் போகாமல் தன் கொட்டகையில் கிடக்கிறது; அது போயிருந்தால் இந்த மனுஷன் பிழைத்திருப்பாரோ என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு ப்ரோன்யா கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பக்கத்து வீடுதான். ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போது அவள் வீட்டு ஜன்னல் திரை மூடும். லூட்விக் அதைப் பார்க்காதவர் போலக் காலர் பட்டனைப் போட்டுக்கொண்டு நடப்பார்.

தவக்காலத்தில் அவருக்குத் தாங்கவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். எங்கள் பங்குச்சாமியார் ஃபாதர் வித்தோல்டிடம் எப்படிச் சொல்வது? பங்குக் கணக்கு நோட்டில் பாதி லூட்விக் கையெழுத்துதான், அவ்வளவு நெருக்கம். அதனால் பஸ் ஏறி, யாருக்கும் தன்னைத் தெரியாத பக்கத்து நகரத்துக்குப் போனார். அங்கே வரிசை வாசல் வரைக்கும் நின்றது. சாமியாருக்கு ஜலதோஷம்.

"நேர்ச்சைச் சீட்டு கொண்டுபோனேன், போட மறந்துட்டேன் ஃபாதர்."

"மறதி பாவமில்லையேப்பா. அவங்க எழுதும்போதே கடவுள் படிச்சிருப்பார். மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க. வேற ஏதாவது?"

வேறு இருந்தது. தொத்திறைச்சி இருந்தது, தேன் இருந்தது, வெள்ளைச் சட்டை இருந்தது, மூடுகிற ஜன்னல் திரை இருந்தது. "வேற இல்ல ஃபாதர்" என்றார் லூட்விக். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கடவுளிடமே பாதிதான் சொல்லியிருக்கிறார்! அதன்பின் அவர் ஒரு திட்டம் போட்டார். இந்த வருஷச் சீட்டுகளோடு போன வருஷச் சீட்டுகளையும் சேர்த்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டியது. யாருக்குத் தெரியப்போகிறது? செத்துப்போன மனுஷனுக்குச் சுகம் கேட்கும் சீட்டையும் சேர்த்துப் போட வேண்டியதுதான். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவர் எழுந்து போய்க் கோழிக்கூட்டைச் சுத்தம் செய்தார். அந்த வசந்தத்தில் எங்கள் ஊரிலேயே சுத்தமான கோழிக்கூடு அவருடையதுதான்.

ஜூலை முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் பாதயாத்திரைக் கூட்டம். லூட்விக் நோட்டை விரித்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் தங்கும் ஊரில் ஒரு வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார், எட்டுப் பேருக்கு இடம் தேட வேண்டும். ஒலிபெருக்கி பேட்டரி போன வருஷமே செத்துவிட்டது. இளவட்டங்கள் கிடார் தூக்க லாரியில் தனி இடம் வேண்டும் என்றார்கள். லெஷெக், "கிடாரைத் தூக்க லாரி, உங்களைத் தூக்க என்ன, ஹெலிகாப்டரா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். லூட்விக்கும் கொஞ்சம் சிரித்தார். இந்த வேலை அவருக்குப் பிடிக்கும். இந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் அவர் பழைய லூட்விக்காக இருந்தார்.

அப்போதுதான் ஜெனொவேஃபா எழுந்தாள். எங்கள் ஊரில் ஒரு விஷயம் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றால் அதை ஜெனொவேஃபாவின் காதில் போட்டால் போதும்.

"ஃபாதர், ஒரு வார்த்தை. எல்லாரும் சீட்டை லூட்விக் அண்ணன்கிட்டயே கொடுங்க. அவரு கை ராசியான கை. என் மக பாஸானா, லெஷெக் வழக்கு தீந்துச்சு, பேக்கரிக்காரம்மா மருமக உண்டானா. போன வருஷம் போன சீட்டு ஒண்ணுகூட வீண் போகல."

"ஒண்ணு போச்சே" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "ப்ரோன்யாக்கா சீட்டு."

"அது வேற விஷயம்" என்றாள் ஜெனொவேஃபா. "அவளுக்கு நன்றி கிடையாது. மூணு வருஷம் புருஷனைக் கூட வெச்சிருந்தாளே மாதா, அது போதாதா? கேட்டது ஒண்ணு கிடைக்கலன்னதும் கோவில் வாசலையே மறந்துட்டா. மாதா மேல கோவமாம்! அவ்வளவு திமிரு ஆகாது. அவ எங்க நடக்கப்போறா, அவ பேரு லிஸ்டுல எதுக்கு? அடிச்சிடுங்க அண்ணே."

லூட்விக் கையில் பேனா இருந்தது. வருஷா வருஷம் அவர் பழக்கத்தால் எல்லார் பெயரையும் முதலிலேயே எழுதி வைத்துவிடுவார். ப்ரோன்யாவின் பெயரும் இருந்தது. இரண்டு மூன்று பேர், "ஆமா, ஆமா" என்றார்கள். ஃபாதர் வித்தோல்ட், "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று மெதுவாகச் சொன்னார், ஆனால் அவருக்கும் பேட்டரி விஷயத்துக்குத் திரும்ப அவசரம். லூட்விக்கின் காது இரண்டும் கொதித்தன. தன் தப்புக்கு அவள் அடி வாங்குகிறாள். தான் தலைமை மேஜையில் உட்கார்ந்து கைதட்டல் வாங்குகிறோம். அந்த இடத்தில் எழுந்து சொல்லிவிட வேண்டும் என்று முழங்கால் நிமிர்ந்தது. நிமிர்ந்த முழங்கால் மறுபடி மடங்கியது. "பேரை அடிக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார், அதுவும் யாருக்கும் கேட்காமல்.

வீட்டுக்குப் போனதும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போனார். பூட்ஸுக்குள் கையை விட்டார்.

"சாப்பாடு ஆறுது மனுஷா!" என்று ரெகீனா ஜன்னலிலிருந்து கத்தினாள்.

"ஆறட்டும்."

ப்ரோன்யா சமையலறையில் புளிப்புச் செர்ரிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கொண்டை ஊசியால் குத்தி, ஒரு சுழற்று, கொட்டை தெறித்துப் பேசினில் விழும். முழங்கை வரை சிவப்பு. அவர் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தவில்லை.

"உள்ள வா. கதவைச் சாத்து, ஈ வருது. பாதயாத்திரைக்குக் கூப்பிட வந்தியா? சாமியார் அனுப்பினாரா?"

"யாரும் அனுப்பல."

"அப்ப உக்காரு. முகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? ரெகீனாவுக்கு ஏதாவதா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல." லூட்விக் உட்காரவில்லை. சர்க்கரைப் பையைப் பிரித்து, நீல நூல் தைத்த சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். கூடவே மற்றச் சீட்டுகள் இரண்டு கீழே விழுந்தன. குனிந்து பொறுக்கினார். நிமிரும்போது ப்ரோன்யா அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னோடது."

"ஆமா."

"இது உன்கிட்ட எப்படிடா?"

"போடல ப்ரோன்யா. போன வருஷம் யாருதையும் போடல. படம் எடுத்தாங்க, ஆயர் பக்கத்துல நிக்கணும், வெள்ளைச் சட்டை தெரியணும்னு கோட்டைக் கழட்டி லாரியில போட்டுட்டேன். சீட்டு கோட்டுல. அப்புறம் எடுக்கப் போகணும்னு இருந்தேன், போகல. சூப் குடிச்சேன்." அந்தச் சூப்பை ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. "திட்டு. என்ன வேணா சொல்லு. ஸெனோனுக்காக நீ கேட்டது போய்ச் சேரல. என்னாலதான் சேரல. இன்னிக்கு மண்டபத்துல உன்னைப் பேசினாங்க, மாதா மேல உனக்குக் கோவம்னு. நான் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன்."

ப்ரோன்யா கொண்டை ஊசியைக் கீழே வைத்தாள்.

"போடவே இல்லையா?"

"இல்ல."

"பெட்டிக்குள்ளயே போகலையா?"

"போகல."

"வேற யாராவது எடுத்துப் படிச்சு, செபத்துல வாசிச்சிருப்பாங்களோ?"

"ரப்பர் பூட்ஸுக்குள்ள இருந்துச்சு ப்ரோன்யா. என் கொட்டகையில."

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, மேஜை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். நூலை ஒவ்வொரு பக்கமாக வெட்டினாள். தாளைப் பிரித்து அவர் பக்கம் திருப்பினாள்.

"படி."

"வேணாம், அது உன்னோட..."

"படின்னா படிடா."

கண்ணாடி இல்லை. தாளை எட்டப் பிடித்துப் படித்தார். "மாதாவே, ஸெனோனைக் கூட்டிக்கொள். பனி விழுவதற்கு முன்னால் கூட்டிக்கொள். அவரால் முடியவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னால்தான் முடியவில்லை."

லூட்விக் தாளை மேஜையில் வைத்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செர்ரிப் பேசினைப் பார்த்தார்.

"நவம்பர் பதிமூணு போனாரு" என்றாள் ப்ரோன்யா. "பதினாலாம் தேதி முதல் பனி. நான் கேட்ட மாதிரியே, ஒரு நாள் தப்பாம. நான்தான்டா கொன்னேன்னு நினைச்சேன். எழுதிக் கொடுத்து, தையல் போட்டு, உன் கையில அனுப்பிக் கொன்னேன்னு. ஞாயித்துக்கிழமை மணி அடிக்கும். எந்த முகத்தோட மாதா முன்னாடி போய் நிக்கிறது? நன்றி சொல்றதா? கோவம்னா சொல்றாங்க? கோவமில்லடா. வெக்கம். உடம்பெல்லாம் வெக்கம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப அவரு தானாத்தான் போனாரு" என்றாள். மறுபடியும், "தானாத்தான் போனாரு" என்று சொல்லி, ஏப்ரனைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். குழிக்குப் பக்கத்தில் அழாத அழுகை எல்லாம் அதில் வந்தது.

ஒரு கணம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, லூட்விக்குக்கு நிம்மதியாகப் போயிற்று. தான் மறந்ததும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்றே என்று நினைத்தார். அதைச் சொல்லலாம் என்று வாயையும் திறந்தார்.

ப்ரோன்யா ஏப்ரனை இறக்கினாள். "உனக்கு எப்ப தெரியும்?"

"என்ன?"

"சீட்டு கோட்டுலயே இருக்குன்னு எப்ப பார்த்த?"

"வந்த ரெண்டாம் நாள். ஆகஸ்டு இருபத்தெட்டு."

 அவள் உதடு அசைந்தது; வாரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பதினோரு வாரம்" என்றாள். "பதினோரு வாரம் உயிரோட இருந்தாருடா. உன்கிட்ட சீட்டைக் கொடுத்த மறுநாள் காலையில எனக்கு மனசு மாறிடுச்சு. கஞ்சி ஊட்டும்போது அரை வாயால சிரிச்சாரு, எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு. சீட்டைத் திரும்ப வாங்க உன் வீட்டுக்கு ஓடி வந்தேன், செருப்புகூடப் போடல. நீங்க ஆறு மணிக்கே கிளம்பிட்டீங்கன்னு ரெகீனா சொன்னா. சரி, போயிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு வந்துட்டேன்."

"ப்ரோன்யா..."

"நீ ஆகஸ்டுலயே கொண்டாந்து கொடுத்திருந்தா கிழிச்சு அடுப்புல போட்டிருப்பேன். போட்டுட்டு அந்தப் பதினோரு வாரமும் அவரு கண்ணைப் பார்த்திருப்பேன். நான் பார்க்கலடா. என்னால முடியல. ஊட்டும்போது சுவத்தைப் பார்த்துக்கிட்டே ஊட்டினேன். துடைக்கும்போது சுவத்தைப் பார்த்துக்கிட்டே துடைச்சேன். அவரு என் முகத்தைத் தேடுவாரு. கண்ணாலதானே அவரு பேசணும்? அது என்னைத் தேடிக்கிட்டே இருக்கும். நான் சுவத்தைப் பார்ப்பேன். எதுக்குன்னு அவருக்குத் தெரியாமலே போயிட்டாரு."

லூட்விக் ஜன்னல் பக்கம் திரும்பினார்.  எத்தனை தடவை பக்கத்து வீட்டிலிருந்து இந்த ஜன்னலைப் பார்த்திருக்கிறார்! வேலிக்கு இந்தப்பக்கம் நின்று தேன் தடவிய ரொட்டியைத் தின்றிருக்கிறார். சீட்டைப் போட மறந்தது ஒரு நாள் தப்பு. வாயை மூடிக்கொண்டிருந்தது எழுபத்தேழு நாள். அந்த எழுபத்தேழு நாளில் ஏதாவது ஒரு நாள் இருபது அடி நடந்து வந்திருந்தால் போதும். சென்ஸ்தொஹோவா வரை நடக்கத் தெரிந்த மனுஷனுக்கு அந்த இருபது அடி நடக்கத் தெரியவில்லை.

"மன்னிச்சிடு" என்றார்.  இரண்டாம் தடவையும் சொன்னார்.

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றாள் ப்ரோன்யா. கோபம்கூட இல்லாத குரல் அது, களைத்த குரல். "அந்தப் பையில இன்னும் எத்தனை இருக்கு?"

"முப்பது."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமா நான் பிரிக்கல."

"அப்ப, என்னை மாதிரி எத்தனை பேரு எதை நெஞ்சுல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னும் தெரியாது. இல்லையா?" அவள் கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டாள். "என் சமையக்கட்டுல நின்னு அழுதுக்கிட்டிருக்காத லூட்விக். போ. ஒவ்வொரு வீடாப் போ."

அவர் வெளியே வந்தார். ஞாயிறு மதியம், வெளிச்சம் பளீரென்று இருந்தது, தெருவில் ஆட்கள் கோவில் சட்டையோடே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பையை மறைக்க அவருக்குச் சட்டையில் இடம் இருந்தது. மறைக்கவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டார். அடுத்த வீட்டு வேலிக்குமேல் ஜெனொவேஃபாவின் தலை தெரிந்தது.

"உங்களைத்தான் நினைச்சேன் அண்ணே! இந்த வருஷச் சீட்டை இப்பத்தான் எழுத உக்காந்தேன். உள்ள வாங்க, காபி போடுறேன்."

"காபி வேணாம்" என்றார் லூட்விக். அவர் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. நின்று பேசியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எழுதாத ஜெனொவேஃபா. முதல்ல போன வருஷத்துச் சீட்டை வாங்கிக்க."